காட்டாமணக்குத் தங்கம்

19-ஆம் வட்டம், நெய்வேலி
6-11-1983

திரு. குழந்தைவேல் அவர்களுக்கு,

சண்முகசுந்தரம் எழுதுகிறேன். உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் பிரித்து இந்த வரி வரை வந்திருந்தால் நன்றி. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இதற்கு முன் மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் மட்டும் சொல்வது என்று இப்போது முடிவு செய்திருக்கிறேன். வரிசை தவறினால் எனக்கு ஒன்றும் ஓடாது என்று நீங்களே கேலி செய்வீர்கள்.

என் பழைய நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

"21-1-1972. மாலை, சுரங்கத் தண்ணீர் வாய்க்கால் கரை. காட்டாமணக்கு இலையில் கு. பிடித்த தங்க வண்டு. கொல்லும் பாட்டிலில் பத்து நிமிடம். ஊசி குத்தியது 6.40. நிறம், புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கு. பெட்டி பூட்டப்பட்டது. காலையில் மண்டபத்தில் வைக்க வேண்டியதால் சாவி கு.விடம்.

22-1-1972. பள்ளி அறிவியல் கண்காட்சி. 10.15-க்குப் பெட்டி திறக்கப்பட்டது. வண்டு பழுப்பு. வேறு வண்டு."

"வேறு வண்டு" என்பதன் கீழே கோடு போட்டிருக்கிறேன். ஸ்கேல் வைத்து.

அந்தப் பழுப்பு வண்டை நான் எறியவில்லை. "பெயர் தெரியாதது" என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். போன வாரம் பெட்டிகளைச் சுத்தம் செய்தபோது அதன் ஊசியில் துரு ஏறியிருந்தது. காய்ந்த பூச்சியிலிருந்து ஊசியைப் பிடுங்கினால் உடைந்துவிடும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈர மணல் போட்டு, பூஞ்சை பிடிக்காமல் இரண்டு சொட்டு பினாயில் விட்டு, உள்ளே வைத்து மூடினேன். இரண்டு நாள் கழித்துக் காலை காபிக்குப் பிறகு திறந்தேன்.

ஓடு பொன்னாக இருந்தது. முழுவதும் இல்லை, நடுமுதுகில் ஒரு துவரம்பருப்பு அளவுக்கு. ஜன்னலருகே கொண்டுபோனேன். என் முகம் அதில் தெரிந்தது. மத்தியானத்துக்குள் காய்ந்து மறுபடி பழுப்பாகிவிட்டது.

அது வேறு வண்டு இல்லை. நீங்கள் பிடித்த அதே வண்டு. பெட்டியை யாரும் திறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் சிறியவை. உண்மையை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

சண்முகசுந்தரம்


(அஞ்சலட்டை)

குறிஞ்சிப்பாடி
11-11-83

ஐயா,

கடிதம் வந்தது. கார்டில் பதில் எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும், தெருவில் நாலு பேர் படிக்கட்டும். எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை. அன்றைக்கும் இல்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து வண்டு வந்து எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. சந்தோஷம். வண்டு சொல்லாமல் இருந்திருந்தால்?

குழந்தைவேல்


நெய்வேலி
16-11-1983

திரு. குழந்தைவேல் அவர்களுக்கு,

உங்கள் கார்டை மருமகள்தான் வாங்கி வந்து கொடுத்தாள். படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். அன்று எனக்குக் கேட்காமலே இன்னொரு தம்ளர் மோர் வைத்தாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல ஐந்து நாள் ஆனது. வண்டு சொல்லாமல் இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். வேறு மாதிரி எழுத முயன்றேன். பொய்யாக இருந்தது.

என்னால் முடிந்தது, எங்கே தவறினேன் என்று தேடுவதுதான். தேடினேன்.

பொன்வண்டின் பச்சை செத்த பிறகும் மாறுவதில்லை. என்னிடம் 1959-இல் பிடித்தது இருக்கிறது. நேற்றுப் பிடித்ததுபோல் மின்னுகிறது. அதை வைத்துத் தங்க வண்டும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். நாம் அதுவரை தங்க வண்டு ஒன்றையும் கொன்றதில்லை. இலையில் வைத்துப் பார்ப்போம், விட்டுவிடுவோம். கொன்றது அன்றுதான் முதல் தடவை. நம் பெட்டிகளைப் பள்ளி கேட்டிருந்ததே, அந்தக் கண்காட்சிக்காக.

இன்னொன்றும் நோட்டில் கிடைத்தது. 1970-இல் உதிர்ந்த பொன்வண்டு ஓடுகளைக் கல்வத்தில் அரைத்துப் பச்சைச் சாயம் எடுக்கப் பார்த்தேன். கறுப்பும் பழுப்புமாகப் பொடிதான் வந்தது. "சாயம் கிடைக்கவில்லை. என் முறை தவறு" என்று எழுதியிருக்கிறேன். முறை சரிதான். சாயமே இல்லை என்பதுதான் விடை. இப்போது நூலகத்தில் ஒரு பத்திரிகை எடுத்துப் படித்தேன். ஓட்டின் மேல்தோல், தாளைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய அடுக்குகளாக இருக்கிறதாம். ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் ஒளி பட்டுத் திரும்புகிறது. திரும்புகிற ஒளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு நிறத்தை மட்டும் பலமாகக் காட்டுகின்றன. மழை நாளில் பஸ் நிற்கிற இடத்தில் தரையில் எண்ணெய் படர்ந்து வானவில் மாதிரி தெரியுமே, அதே கணக்கு. பொன்வண்டின் அடுக்குகள் இறுகிக் காய்ந்தவை, அதனால் மாறாது. தங்க வண்டின் அடுக்குகளுக்குள் ஈரம் இருக்கிறது. ஈரம் இருக்கும்வரை கண்ணாடி. ஈரம் போனால் ஒளி திரும்பாமல் உள்ளே இறங்கி அடியிலிருக்கும் பழுப்பைக் காட்டிவிடுகிறது. நான் புரிந்துகொண்டது இவ்வளவு. தவறாகவும் இருக்கலாம்.

இதை நீங்கள் 1971-லேயே சொன்னீர்கள். வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து வண்டை விரலில் ஏற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது சாயம் போட்ட மாதிரி தெரியல. நெய்ஞ்ச துணி மாதிரி இருக்கு. எங்கப்பா மயில்கழுத்து நெய்வாரு. பாவுல ஒரு நெறம், ஊடையில ஒரு நெறம். சாஞ்சி பாத்தா மாறும்" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் ஃபோர்மேன், நான் பட்டம் வாங்கிய கெமிஸ்ட் அல்லவா.

என் முறையைச் சந்தேகித்தேன். என் கல்வத்தைச் சந்தேகித்தேன். இன்றுகூடக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறேன். உங்களைச் சந்தேகித்தபோது மட்டும் எனக்கு ஒரு தயக்கமும் வரவில்லை. தலைமை விருந்தினர் "தங்க வண்டு எங்கே?" என்று கேட்டார். "இது நான் குத்திய வண்டு இல்லை. சாவி குழந்தைவேலிடம் இருந்தது." இரண்டு வாக்கியம். என் வாழ்க்கையில் கூட்டத்துக்கு நடுவே நான் நடுங்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

மாலையில் இப்போதும் வாய்க்கால் வரை நடக்கிறேன். மதகில் உட்காருவதில்லை. அங்கே இருவர் உட்காரலாம்.

சண்முகசுந்தரம்


குறிஞ்சிப்பாடி
1-12-83

ஐயா,

இதைக் கார்டில் எழுத முடியாது. இன்லண்ட் வாங்கி எழுதுகிறேன்.

ரெண்டு வாக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்ச வாக்கியங்களை நான் கேட்டேன். கான்டீனில் தட்டை வைத்தால், தங்கத்த உருக்கியாச்சா என்பான் ஒருத்தன். ஷிஃப்டில் எனக்கு 'பத்தர்' என்று பேர் வைத்தார்கள். ரிட்டையர் ஆன அன்றைக்கு மாலை போட்டவன்கூட, "பத்தரே, வூட்டுக்குப் போயி தொழில ஆரம்பிச்சிடு" என்றான். ஃபோர்மேனாக இருபது வருஷம் ஒரு போல்ட் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. நீங்கள் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை, பயந்த மனுஷர், அதனால் நீங்கள் சொன்னதும் எல்லாரும் நம்பினார்கள்.

என் வீட்டுக்காரி அமிர்தத்திடம் கூட்டுறவுக் கடை வரிசையில் கேட்பார்களாம், வண்டுத் தோடு எங்கே என்று. அவள் என்னைப் போல முறைக்க மாட்டாள். "உருக்கத் தெரியாம உருக்கிட்டாரு, கருகிப்போச்சு" என்பாளாம். கேட்டவள்தான் அசடு வழியணும்.

அவள் செத்து நாலு வருஷம் ஆகிறது. நெய்வேலியிலிருந்து ஒரு லாரி நிறைய ஆள் வந்தார்கள். என்னைப் பத்தர் என்று கூப்பிட்டவன் எல்லாம் வந்தான். பாடை தூக்கினான். நீங்கள் வரவில்லை.

வண்டு விஷயத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இதை விட முடியவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்ன சொன்னாள் தெரியுமா? "அந்தக் கெமிஸ்ட் சாரு வந்தாருன்னா மூஞ்சியத் திருப்பிகினு நிக்காதீங்க. ஒரு காபி குடுத்து அனுப்புங்க. பாவம், தனியா இருப்பாரு." நான் சரி என்றேன். கருமாதி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் வந்தால் சண்டை போடவா, காபி கொடுக்கவா என்று எனக்கே தெரியாது. வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

குழந்தைவேல்


நெய்வேலி
9-12-1983

அன்புள்ள குழந்தைவேல்,

நான் வந்தேன்.

இதைச் சொன்னால் நம்புவீர்களோ என்று தெரியவில்லை. ஆதாரம் எதுவும் இல்லை. பஸ் டிக்கெட்டை வைத்திருக்கவில்லை. நான் வைத்துக்கொள்ளாத ஒரே காகிதம் அதுதான்.

அம்மையார் போன செய்தி மறுநாள் காலை தெரிந்தது. முதல் பஸ்ஸில் ஏறினேன். குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டீக்கடைக்காரரிடம் உங்கள் தெருவைக் கேட்டேன். "ரெண்டாவது சந்து, பந்தல் போட்டிருக்கும்" என்றார். நடந்தேன். முதல் சந்து தாண்டினேன். பந்தலின் ஓரம் தெரிந்தது. ஒரு பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நீங்கள். முழங்கையை முட்டியில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அருகே வந்து என்ன சொல்வது என்று யோசித்தேன். துக்க வீட்டில் என்னைப் பார்த்து உங்களுக்கு இன்னொரு துக்கம் வேண்டுமா என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை, பயம். திரும்பி வந்தேன். எதிர்ப்பக்கம் நெய்வேலி பஸ் நின்றது. அது புறப்படத் தயாராக இருந்ததுதான் என் கெட்ட காலம். இல்லாவிட்டால் இன்னொரு முறை யோசித்திருப்பேன்.

முக்கால் மணி நேரப் பயணம். நான்கு வருஷமாக மாதம் ஒரு தடவையாவது அந்த பஸ்ஸில் ஏறிவிடுவது என்று சட்டை போட்டுக்கொள்கிறேன். பிறகு காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிறேன்.

நம் இரண்டு வலைகளும் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. உங்களுடையதன் மூங்கில் பிடி உளுத்துவிடாமல் வருஷா வருஷம் வேப்பெண்ணெய் தடவுகிறேன். வேணு போன வருஷம், "அப்பா, ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டான். மகன் என்றாலும் சிலவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். செய்கிறேன்.

சண்முகசுந்தரம்


(அஞ்சலட்டை)

குறிஞ்சிப்பாடி
15-12-83

எங்கே சொன்னீர்களோ அங்கே சொல்லுங்கள்.

கு.


நெய்வேலி
4-1-1984

அன்புள்ள குழந்தைவேல்,

இந்த வருஷக் கண்காட்சி பொங்கல் கழித்து, இருபத்திரண்டாம் தேதி. அதே மண்டபம். தேதியும் அதே. நான் கேட்டு வாங்கியதில்லை, அப்படி அமைந்தது.

பள்ளிக்குப் போய் அறிவியல் ஆசிரியரைப் பார்த்தேன். வாசலில் காவலர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது ஒரு கணம் யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு திரும்பிப் போய்ச் சொன்னேன். ஆசிரியர் இளைஞர், நல்லவர். பூச்சி ஓட்டில் ஒளி எப்படித் திரும்புகிறது என்பதை ஐந்து நிமிடம் ஒலிபெருக்கியில் விளக்க எனக்கு அனுமதி தந்தார். உங்கள் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஒளிக்கு, மூன்று நிமிடம் உங்களுக்கு என்று பிரித்திருக்கிறேன். எழுதி, ஆறு முறை படித்துப் பார்த்தாகிவிட்டது. கை நடுங்குவதால் காகிதத்தை அட்டையில் ஒட்டிவிட்டேன்.

ஒரு கவலை. வண்டை ஒத்திகைக்காக மறுபடி ஈர மணலில் வைத்தேன். இந்தத் தடவை முதுகில் பொன் வரவில்லை. ஓரத்தில் நூல் அளவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். பழைய வண்டு. எத்தனை தரம் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு வராமல் போனால் கூட்டம் என்னை நம்பாது. என்னை நம்பாததுபற்றிக் கவலை இல்லை. உங்களை மறுபடி எல்லார் வாயிலும் இழுத்துவிட்டு, நிரூபிக்காமல் விட்டவனாவேன்.

வேறு வண்டைப் பிடித்துக் காட்டலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வாய்க்கால் கரையில் காட்டாமணக்கு இன்னும் மண்டிக் கிடக்கிறது. ஆனால் அப்போதுதான் அது உண்மையிலேயே வேறு வண்டாக இருக்கும். அதனால் அதையேதான் எடுத்துப் போகிறேன்.

நீங்கள் வர வேண்டும் என்று கேட்கவில்லை. தேதியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சண்முகசுந்தரம்


நெய்வேலி
23-1-1984

அன்புள்ள குழந்தைவேல்,

நேற்று நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பழைய ஆட்கள் பலர். சுரங்கத்தில் உங்களோடு வேலை பார்த்த பாவாடை முன் வரிசையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசை வரை மூன்று முறை பார்த்தேன். நீங்கள் இல்லை.

ஒளியைப் பற்றிய இரண்டு நிமிடம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவசரம். பிறகு வண்டை எடுத்தேன். காலையிலிருந்து ஈரத்தில் வைத்திருந்தேன். எல்லாரும் பார்க்க விளக்கின் கீழே பிடித்தேன். பழுப்பு. சொட்டு மருந்துக் குழாயால் ஒரு துளி விட்டேன். காத்திருந்தேன். இன்னொரு துளி விட்டபோது என் கை ஆடி, குழாயின் நுனி பட்டு, வலப்பக்க ஓடு கழன்று மேசையில் விழுந்தது. பின்னாலிருந்து யாரோ, "தோடு கழண்டுடுச்சி டோய்" என்றார். பழைய கேலி, பன்னிரண்டு வருஷம் கழித்தும் யாரிடமோ உயிரோடு இருந்திருக்கிறது. மண்டபம் சிரித்தது.

அட்டையைப் பார்த்தேன். அதில் அடுத்த வரி "இப்போது நீங்கள் கண்ட பொன்நிறம்" என்று தொடங்கியது. அவர்கள் எதையும் காணவில்லை. அதற்கு மாற்றாக நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

அட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

"வண்டு காட்டவில்லை. அதனால் நான் சொல்கிறேன். குழந்தைவேல் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. இங்கே இதே இடத்தில் நின்று, தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னவன் நான். அவரைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் என் வார்த்தையை நம்பித்தான் செய்தீர்கள். இந்த வார்த்தையையும் நம்புங்கள்."

இவ்வளவுதான். நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, கை தட்டவும் இல்லை. பாவாடை மட்டும் பேத்தியை இறக்கிவிட்டு எழுந்து, "அப்ப அந்தத் தங்கம் எங்கதான் சார் போச்சு?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எங்கேயும் போகவில்லை. பெட்டிக்குள்ளேதான் இருந்தது" என்றேன். அவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கழன்ற ஓட்டைக் கோந்து வைத்து ஒட்டினேன். சீட்டை மாற்றினேன். "தங்க வண்டு. 21-1-1972. பிடித்தவர்: குழந்தைவேல்." நோட்டில் "வேறு வண்டு" என்பதை அடித்தேன். ஸ்கேல் வைக்காமல். கோடு கோணலாகப் போயிருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் சொன்னதைச் செய்தாகிவிட்டது. இதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரம் பதினொன்றரை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாசலில் இருப்பேன்.

சண்முகசுந்தரம்


(அஞ்சலட்டை)

குறிஞ்சிப்பாடி
27-1-84

சார்,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே பாவாடை வந்துவிட்டான். மேசைக்குப் பின்னால் நீங்கள் நின்ற மாதிரி நின்று காட்டினான். கையை அப்படியே ஆட்டினான். சிரிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வாங்க. இறங்கினதும் எதிர்ப்பக்கம் பார்க்காதீங்க, நெய்வேலி பஸ் அங்கேதான் நிற்கும். டீக்கடை வாசலில் நான் இருப்பேன். அங்கே குடிக்க வேண்டாம், காபி வீட்டில்.

வண்டைக் கொண்டுவராதீங்க, அது பட்டது போதும். இங்கே ஏரிக்கரை முழுக்கக் காட்டாமணக்கு. நெய்வேலிக் காட்டாமணக்கு என்று உங்கள் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் வெட்டுகிறார்கள், மறுபடி முளைக்கிறது. இலையைத் திருப்பினால் தங்கம் தங்கமாக உட்கார்ந்திருக்கிறது. நாலு வருஷமாகத் தனியாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

ரெண்டு வலையையும் எடுத்துக்கொண்டு வாங்க.

குழந்தைவேல்